தடை போட்ட தேதியும் தண்ணீர் தெளியும் தேதியும்

கண்காணிப்புக் கிணற்றில் பம்பை இறக்கி ஓட விட்டால் முதலில் வருகிற தண்ணீரை நாங்கள் பரிசோதனைக்கு எடுப்பதில்லை. அது குழாய்க்குள் பல நாள் தேங்கி நின்ற தண்ணீர், நிலத்தடியில் என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது. குழாயில் நிற்கும் தண்ணீரைப் போல மூன்று மடங்காவது வெளியே ஓட விட்டு, வெப்பநிலையும் மின்கடத்துதிறனும் மீட்டரில் ஏறாமல் இறங்காமல் நிற்கிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம். சில கிணற்றில் அரை மணி நேரம் ஆகும், சிலவற்றில் அதற்கு மேலும் ஆகும். அந்த நேரத்தில்தான் அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் வந்து பேச்சுக் கொடுப்பார்கள். ஒரு முறை நிலத்துக்காரர், வயதானவர், வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு "எதைத் தேடுறீங்க தம்பி?" என்றார். பழைய பூச்சிமருந்து ஒன்றின் பெயரைச் சொன்னேன். "அதைத் தடை பண்ணி எத்தனையோ வருஷம் ஆச்சே, இன்னுமா இருக்கும்?" என்று கேட்டார்.

அன்றைக்கு நின்ற இடத்தில் இரண்டு வரி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீடு வரைக்கும் வந்தது. தண்ணீரைப் பற்றிப் பேசுகிற பலருக்கும் மனதில் இருக்கிற கேள்வி அது, தடை என்ற சொல்லைக் கேட்டதும் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் கொஞ்சம் நீளம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த வகைப் பொருட்களுக்கு 'நிலைத்த கரிம மாசுபடுத்திகள்' என்று பெயர். கரிம என்றவுடன் இயற்கை விவசாயத்தில் சொல்கிற ஆர்கானிக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், கார்பனை அடிப்படையாகக் கொண்ட மூலக்கூறு என்பதுதான் இங்கே பொருள். அந்தக் கார்பனோடு குளோரினையோ புரோமினையோ ஃபுளூரினையோ இறுக்கமாகக் கட்டிவிட்டால் வெயிலும் தண்ணீரும் மண்ணில் இருக்கும் பாக்டீரியாவும் அதைப் பிரிக்கத் திணறுகின்றன. ஒரு இலையை மண்ணில் போட்டால் அதைத் தின்ன ஆயிரம் உயிர் காத்திருக்கிறது. இவற்றைக் கடிக்க அந்த உயிர்களிடம் பல் இல்லை. சிதையாமல் இருப்பது ஒன்று, உயிர்களின் உடம்பில் சேர்ந்துகொண்டே போவது இன்னொன்று, தொலைதூரம் பயணம் போவது மூன்றாவது, உடம்புக்குக் கெடுதல் செய்வது நான்காவது. இந்த நான்கும் சேர்ந்து ஒரே பொருளில் இருந்தால்தான் அது இந்தப் பட்டியலுக்குள் வரும். 2001-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை கையெழுத்தானபோது பட்டியலில் 12 பொருட்கள் இருந்தன: டிடிடி, ஆல்ட்ரின், டைஎல்ட்ரின், எண்ட்ரின், குளோர்டேன் போன்ற பூச்சிமருந்துகள், டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் இருந்த பிசிபி, யாரும் வேண்டுமென்று தயாரிக்காமல் எரிப்பதிலும் சில ஆலை வேலைகளிலும் தானாக உருவாகும் டையாக்சின், ஃபியூரான் எல்லாம் அதில் அடக்கம். 2004-ல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. இன்றைக்குப் பட்டியல் 30-ஐத் தாண்டிவிட்டது.

முதலில் ஆறு, ஏரி. டிடிடி தண்ணீரில் கிட்டத்தட்ட கரையவே கரையாது, ஒரு லிட்டருக்குச் சில மைக்ரோகிராம்தான் கரையும். அப்படியென்றால் தண்ணீரில் அது இருக்காதே என்று தோன்றும். கரையாத பொருள் தண்ணீரில் நிற்காமல் எதிலாவது ஒட்டிக்கொள்ளப் பார்க்கும், ஆற்றில் அதற்குக் கிடைப்பது வண்டல். மழையில் வயல் மண் கரைந்து வரும்போது அந்த மண் துகளோடேயே வந்து ஆற்றடியில் படிகிறது. மேலே ஓடும் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தால் பளிங்கு மாதிரி இருக்கும், கீழே சேற்றில் நாற்பது வருஷத்துக் கணக்கு அடுக்கடுக்காக எழுதி வைத்திருக்கும். எழுதி வைத்திருக்கும் என்று சும்மா சொல்லவில்லை. ஏரியின் அடியில் குழாயை இறக்கி வண்டலை நீளவாக்கில் உருவி எடுத்து, அடுக்கு அடுக்காக வெட்டி, ஒவ்வொரு அடுக்கின் வயதையும் ஈயம்-210, சீசியம்-137 போன்ற கதிரியக்கத் தனிமங்களை வைத்துக் கணக்கிடுவார்கள். டிடிடியும் பிசிபியும் பல ஏரிகளில் 1960-கள், 70-களின் அடுக்கில் உச்சத்துக்குப் போய், தடைக்குப் பிறகு மேலே வர வரக் குறைகின்றன. ஆகவே தடை வேலை செய்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் உச்ச அடுக்கு எங்கேயும் போய்விடவில்லை, புதைந்துதான் இருக்கிறது. பெருவெள்ளம் வந்தாலோ, தூர் வாரினாலோ, அணையைத் திறந்தாலோ அது மறுபடி தண்ணீருக்குள் வருகிறது.

ஹட்சன் ஆறு இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவில் அந்த ஆற்றின் மேல்பகுதியில் மின்சாதனம் செய்த இரண்டு ஆலைகளிலிருந்து 1947 முதல் 1977 வரை பிசிபி ஆற்றில் கலந்தது. கலப்பது நின்றது 1977-ல். ஆற்றின் அடியில் படிந்ததைத் தோண்டி எடுக்கும் வேலை தொடங்கியது 2009-ல், முடிந்தது 2015-ல். சுமார் 21 லட்சம் கன மீட்டர் சேற்றை அள்ளினார்கள், அதில் இருந்த பிசிபி 140 டன் அளவுக்கு. குழாயை மூடியதற்கும் சேற்றை அள்ளத் தொடங்கியதற்கும் நடுவில் 32 வருஷம், ஒரு தலைமுறை. இத்தனைக்கும் பிறகு அங்கே பிடிக்கிற மீனைச் சாப்பிடுவது பற்றிய எச்சரிக்கை இன்னும் இருக்கிறது.

மீன் என்று சொன்னதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் அளக்கவே சிரமப்படுகிற அளவில் இருக்கும் பொருள் எப்படி ஆபத்தாகிறது என்று பலர் கேட்கிறார்கள். தண்ணீரிலிருந்து நுண்ணிய பாசிக்கு, பாசியிலிருந்து அதைத் தின்னும் பூச்சிக்கு, பூச்சியிலிருந்து சின்ன மீனுக்கு, சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு என்று ஒவ்வொரு படியிலும் கொழுப்பில் சேர்ந்துகொண்டே போகிறது, தின்றது செரித்துப் போகும், இது மட்டும் போகாது. வட அமெரிக்காவின் ஒன்டாரியோ ஏரியில் மீன் தின்னும் கடற்காக்கையின் முட்டையில் இருந்த பிசிபி, அதே ஏரித் தண்ணீரில் இருந்ததைப் போல சுமார் 2.5 கோடி மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையில் எண் சிறியதாக இருந்தால் கவலை இல்லை என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். குடிக்கிற தண்ணீருக்கு அந்த எண் போதும், அந்தத் தண்ணீரில் வாழ்கிற மீனுக்கும் அதைத் தின்கிறவருக்கும் அது போதாது.

இப்போது நிலத்தடி நீர். இங்கே கதை வேறு மாதிரி. மண் ஒரு வடிகட்டி, அதுவும் நல்ல வடிகட்டி. டிடிடி மாதிரி ஒட்டிக்கொள்ளும் பொருட்களை மேல்மண்ணில் மக்கிக் கிடக்கும் இலைதழை பெரும்பாலும் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆழமான நீருக்குள் அவ்வளவு எளிதில் விடாது. அதனால் நிலத்தடி நீரில் இவை இருக்காது என்று ரொம்ப நாள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை மூன்று வழியில் உடைகிறது. பாறை வெடிப்பும் பாழடைந்த பழைய கிணறும் இருக்கிற இடத்தில் மண் வடிகட்டவே வாய்ப்பில்லை, மேலே விழுந்தது நேராகக் கீழே போய்விடும். அப்புறம், எல்லாப் பொருளும் டிடிடி மாதிரி ஒட்டுவதில்லை, லிண்டேன் என்ற பூச்சிமருந்து தண்ணீரில் அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் கரையும். மூன்றாவது, தூய திரவமாகவே மண்ணுக்குள் இறங்குகிற கழிவு. அது தண்ணீரைவிடக் கனம் என்பதால் நிலத்தடி நீரின் மேல் மிதக்காமல் அதற்குள்ளும் மூழ்கி, கீழே கெட்டியான பாறை தட்டுப்படும் வரை போய் அங்கே குட்டை கட்டி நிற்கும். நிலத்தடி நீர் அந்தக் குட்டையை உரசிக்கொண்டு போகும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துப் போகும். மேலே தொழிற்சாலை மூடி, இடித்து, புல் முளைத்திருக்கும், கீழே அது தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

ஸ்பெயினில் சபினியானிகோ என்ற ஊரில் இதுதான் நடந்தது. அங்கே லிண்டேன் தயாரித்தார்கள். ஒரு டன் லிண்டேன் எடுக்க, பயன்படாத அதன் உறவுக்கார மூலக்கூறுகள் 6 முதல் 10 டன் வரை கழிவாக மிஞ்சும். நினைத்துப் பாருங்கள், விற்கிற பொருளைவிடக் கழிவு பல மடங்கு. லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட அந்தக் கழிவை சார்தாஸ், பைலின் என்ற இரண்டு இடங்களில் கொட்டினார்கள். ஆலை மூடிப் பல ஆண்டு கழித்து, வெடிப்பு விழுந்த பாறைக்குள் அந்தக் கனமான திரவம் இறங்கி நிற்பது தெரிந்தது. 2014-ல் பைலின் குப்பைமேட்டைப் பாதுகாப்பான புதுக் குழிக்கு மாற்றும் வேலை நடந்தபோது பக்கத்தில் ஓடும் கயேகோ ஆற்றில் அந்த லிண்டேன் கழிவின் அளவு ஏறி, கீழே இருக்கும் ஊர்களில் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று நிறுத்த வேண்டி வந்தது. சுத்தம் செய்யப் போன இடத்தில் நடந்தது இது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தொடாமல் விட்டாலும் கசிந்துகொண்டேதான் இருக்கும். கொட்டின அன்றைக்கே முடிவாகிவிட்ட விஷயம் அது.

என்னை மிகவும் பாதித்தது வேறொரு இடம். கரீபியனில் குவாதலூப், மார்த்தினிக் என்று பிரான்ஸுக்குச் சொந்தமான இரண்டு தீவுகள். வாழைக்கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டுக்கு எதிராக 1972 முதல் 1993 வரை அங்கே குளோர்டெகோன் என்ற மருந்தைப் போட்டார்கள். அதே பொருளைத் தயாரித்த அமெரிக்க ஆலையில் தொழிலாளர்களுக்குக் கை நடுக்கமும் நரம்புக் கோளாறும் வந்து 1975-லேயே ஆலை மூடப்பட்டது, அதன் கழிவு கலந்த ஜேம்ஸ் ஆற்றில் மீன் பிடிப்பதற்குப் போட்ட தடையை முழுமையாக எடுக்க 1988 ஆனது. இவ்வளவும் உலகத்துக்குத் தெரியும். அப்படியும் தீவுகளில் தொடர்ந்தார்கள். 1990-ல் பிரான்ஸ் தடை செய்தது, தீவுகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்து 1993 வரை நீட்டினார்கள்.

குளோர்டெகோன் மூலக்கூறு ஒரு கூண்டு மாதிரி இருக்கும், கார்பன் கூண்டைச் சுற்றி 10 குளோரின். எரிமலை மண்ணில் இருக்கிற களிமண் அதைப் பஞ்சு மாதிரி உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிறது, ஒவ்வொரு மழைக்கும் துளித்துளியாக விடுகிறது. தோட்டங்கள் மலைச்சரிவில், ஊற்றுகள் அடிவாரத்தில். மேலே பெய்கிற மழை மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீராகி, கீழே ஊற்றாக வெளியே வந்து, ஓடையாகி, கடலோரம் வரை அதைக் கொண்டுபோகிறது. குடிநீருக்கு எடுக்கும் ஊற்றுகளில் அது கலந்திருப்பது பெரிய அளவில் தெரிய வந்து, கார்பன் வடிகட்டிகளைப் பொருத்தியது 1999, 2000 வாக்கில். கடலோரத்தில் சில பகுதிகளில் மீனும் சிங்க இறாலும் பிடிக்கத் தடை வந்தது. அங்கே இருக்கிற பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் ரத்தத்தில் இது இருக்கிறது. மண்ணிலிருந்து முழுதும் வெளியேற எவ்வளவு காலம் ஆகும் என்றால், மண்ணின் வகையைப் பொறுத்துப் பல பத்தாண்டுகளிலிருந்து பல நூறு ஆண்டுகள் வரை மதிப்பீடுகள் இருக்கின்றன. கூன்வண்டைக் கொல்ல மருந்து போட்டதோ 21 வருஷம்தான். இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. 1990-களின் பிற்பகுதியிலிருந்து அங்கே கிளைஃபோசேட் களைக்கொல்லியை அதிகம் அடித்ததில் தரையை மூடியிருந்த செடிகள் போய், மண் அரிப்பு கூடி, புதைந்திருந்த குளோர்டெகோன் அந்த மண்ணோடு கடலோரத்துக்கு அதிகமாக வரத் தொடங்கியது என்று வண்டல் அடுக்குகளை வைத்து 2021-ல் காட்டினார்கள். ஒரு மருந்து இன்னொரு மருந்தை எழுப்பிவிட்டிருக்கிறது.

சரி, கொட்டின இடத்தில்தானே இருக்கும், தூரத்தில் இருப்பவர்களுக்கு என்ன என்றால், அதுவும் இல்லை. இவற்றில் பலவும் வெப்பமான இடத்தில் ஆவியாகி, காற்றோடு போய், குளிர்ந்த இடத்தில் படியும். அடுத்த கோடையில் மறுபடி ஆவியாகி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும். வெட்டுக்கிளி தத்துவது மாதிரி. வட அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்குள் ஐல் ராயல் என்று ஒரு தீவு, அந்தத் தீவுக்குள் சிஸ்கிவிட் என்று ஒரு ஏரி. சுற்றிலும் இருக்கிற பெரிய ஏரியைவிட அதன் மட்டம் உயரம், அங்கிருந்து தண்ணீர் ஏறி வர வழியே இல்லை. தோட்டம் இல்லை, ஆலை இல்லை. அந்த ஏரி மீனில் பிசிபியும், தெற்கே பருத்திக் காட்டில் அடித்த டாக்ஸாஃபீனும் இருந்தன. வானத்தைத் தவிர வேறு வழியில் அவை வந்திருக்க முடியாது. 1980-களில் கனடாவில் எரிக் தெவாயி என்ற மருத்துவ ஆய்வாளர், தாய்ப்பாலில் பிசிபி அளக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கத் தூய்மையான மாதிரி வேண்டும் என்று ஆர்க்டிக் பக்கம் நுனாவிக்கில் வாழும் இனுயிட் தாய்மார்களிடம் கேட்டு வாங்கினார். தெற்கே நகரங்களில் இருந்ததைவிட அங்கே சுமார் 5 மடங்கு அதிகம் இருந்தது. சீலும் திமிங்கிலமும் உண்டு வாழும் மக்கள், அந்த விலங்குகளின் கொழுப்பில் உலகத்து மருந்தெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது.

பனியும் இதைச் சேமித்து வைக்கிறது. சுவிட்சர்லாந்தில் ஓபரார் என்ற அணை ஏரியின் வண்டலில் இந்தப் பொருட்களின் அளவு 1960, 70-களில் உச்சம், தடைக்குப் பிறகு இறக்கம், எல்லாம் எதிர்பார்த்தபடி. 1990-களின் கடைசியிலிருந்து எண் மறுபடி ஏறுகிறது. புதிதாக யாரும் கொட்டவில்லை. மேலே இருக்கிற பனியாறு உருகுகிறது, அந்தக் காலத்தில் பனியோடு விழுந்தது இப்போது தண்ணீராக இறங்குகிறது.

இதுவரை சொன்னது பழைய ஆட்கள். இன்றைக்கு எங்கள் லேபில் வருகிற சாம்பிளில் பாதிக்கு மேல் பிஃபாஸ் கேட்டுத்தான் வருகிறது. கார்பனும் ஃபுளூரினும் சேர்ந்த குடும்பம், ஒட்டாத வாணலி, மழைக்கோட்டு, கறை பிடிக்காத துணி, விமான நிலையங்களில் எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரை என்று எங்கும் இருக்கிறது. கரிம வேதியியலில் இருக்கிற பிணைப்புகளிலேயே மிக வலுவானவற்றில் ஒன்று கார்பன்-ஃபுளூரின் பிணைப்பு. டிடிடியைப் போல இவை கொழுப்பைத் தேடிப் போவதில்லை. பல வகைகள் தண்ணீரில் நன்றாகக் கரைந்து, ரத்தத்தில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மண் என்கிற வடிகட்டியைப் பற்றி மேலே சொன்னேனே, அது இவற்றிடம் பெரிதாக எடுபடுவதில்லை. மேலே தெளித்தால் கீழே போர்வெல்லில் வரும், நேரம்தான் கணக்கு.

ஸ்வீடனில் ரோனபி நகராட்சியில் 2013 டிசம்பரில் ஒரு குடிநீர் நிலையத்தை உடனடியாக மூடினார்கள். பக்கத்தில் இருந்த ராணுவ விமானத் தளத்தில் 1980-களிலிருந்து தீயணைப்புப் பயிற்சிக்கு அடித்த நுரை நிலத்தடி நீருக்குள் இறங்கி, அந்த நிலையத்திலிருந்து போன குடிநீரில் பிஃபாஸ் மொத்தமாக லிட்டருக்கு 10,000 நானோகிராமைத் தாண்டியிருந்தது. மூடிய பிறகு அந்த மக்களின் ரத்தத்தைத் தொடர்ந்து அளந்தார்கள். பிஃபாஸ் குடும்பத்தில் பிஃபோஸ் என்ற வகை பாதியாகக் குறைய சுமார் 3.4 வருஷம், பிஃபோவா என்ற வகை பாதியாக 2.7 வருஷம், இன்னொரு வகைக்கு 5 வருஷத்துக்கு மேல். குழாயை மாற்றியது ஒரே நாளில், உடம்பு அந்தத் தண்ணீரை மறக்கப் பல வருஷம். 2023 டிசம்பரில் ஸ்வீடன் உச்ச நீதிமன்றம், ரத்தத்தில் இவ்வளவு பிஃபாஸ் ஏறியிருப்பதே உடலுக்கு நேர்ந்த தீங்குதான் என்று தீர்ப்புச் சொன்னது. நோய் வந்த பிறகு வா என்று சொல்லவில்லை. அந்தத் தீர்ப்பை நான் மனதார வரவேற்கிறேன்.

நானோகிராம் என்றால் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றில் 25 லட்சம் லிட்டர் பிடிக்கும். அப்படி 400 குளத்துத் தண்ணீரில் ஒரே ஒரு கிராமைக் கரைத்தால் லிட்டருக்கு 1 நானோகிராம். அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016-ல் பிஃபோவா, பிஃபோஸ் இரண்டுக்கும் சேர்த்து 70 நானோகிராம் என்று அறிவுரை அளவு வைத்தது, 2024-ல் சட்டப்படியான வரம்பாக ஒவ்வொன்றுக்கும் 4 என்று கொண்டுவந்தது. எட்டு வருஷத்தில் இவ்வளவு இறங்கியிருக்கிறது. மூலக்கூறு மாறவில்லை, அதைப் பற்றி நமக்குத் தெரிந்தது மாறியது.

இவ்வளவு சிறிய அளவை அளப்பதில் எங்களுக்கு இருக்கிற பாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய பூச்சிமருந்துக்கு என்றால் பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில்தான். கரைப்பானில் அலசி, சூளையில் 400 டிகிரிக்குச் சுட்டு, மூடியில் டெஃப்ளான் பூசிய வட்டு வைத்து எடுத்துப் போவோம். பிஃபாஸ் என்றால் எல்லாம் தலைகீழ். கண்ணாடியில் அது ஒட்டிக்கொள்ளும், அதனால் பிளாஸ்டிக் பாட்டில். டெஃப்ளான் இருக்கவே கூடாது, அதுவே அந்தக் குடும்பம். மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு போகக் கூடாது, நீர் புகாத நோட்டுப் புத்தகம் கூடாது, சில சன்ஸ்கிரீன்கூட ஆகாது. கூடவே, லேபிலிருந்து சுத்தமான தண்ணீர் ஒரு பாட்டிலில் கொண்டுபோய், களத்தில் திறந்து இன்னொரு பாட்டிலில் ஊற்றி மூடி, மற்ற சாம்பிள்களோடு அதையும் கொண்டுவருவோம். அதில் ஏதாவது வந்தால் அன்றைய வேலை முழுக்க வீண், தண்ணீரில் இருந்தது எது, எங்கள் கையிலிருந்து போனது எது என்று பிரிக்க முடியாது. ஒரு முறை அப்படி ஆனது. புதிதாக வாங்கிய கையுறைப் பெட்டி ஒன்றுதான் காரணம் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது.

இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது, தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. தேடுவது மட்டும்தான் கிடைக்கும். 1960-களில் ஸ்வீடனில் சோரன் யென்சன் என்ற வேதியியலாளர் உயிரினங்களில் டிடிடி தேடிக்கொண்டிருந்தார். கருவி வரைகிற கோட்டில் டிடிடியோடு வேறு சில மேடுகளும் வந்துகொண்டே இருந்தன. கருவிக் கோளாறு என்று ஒதுக்கியிருக்கலாம். அவர் விடவில்லை. டிடிடி புழக்கத்துக்கு வருமுன் சேகரித்து வைத்திருந்த கழுகுச் சிறகிலும் அதே மேடுகள் வந்தன, அப்படியானால் அது பூச்சிமருந்தாக இருக்க முடியாது. தன் வீட்டில் மனைவி, பிள்ளையின் தலைமுடியில் பார்த்தார், அங்கேயும் இருந்தது. 1966-ல் அது பிசிபி என்று வெளியிட்டார். 1929-லிருந்து தொழில்ரீதியாகத் தயாரித்து விற்ற பொருள், சூழலில் பரவிக் கிடக்கிறது என்று தெரிய 37 வருஷம் ஆனது. அதற்கு முன் யாரும் அதைத் தேடியிருக்கவில்லை.

அதனால் அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்று இருந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்தெந்தப் பொருளைத் தேடினீர்கள்? எந்த அளவுக்குக் கீழே போனால் உங்கள் கருவிக்குத் தெரியாது? சாதாரணக் குடிநீர்ப் பரிசோதனையில் உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், கிருமி எல்லாம் பார்ப்பார்கள், இவற்றைப் பார்க்க மாட்டார்கள். தனியாகக் கேட்டால்தான் உண்டு, செலவும் கூட. உங்கள் கிணற்றுக்கு மேட்டுப்பக்கத்தில் பழைய ரசாயன ஆலையோ, மருந்துக் கிடங்கோ, குப்பைமேடோ, தீயணைப்புப் பயிற்சித் திடலோ இருந்ததா என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் விசாரித்துக்கொண்டு போனால் எதைத் தேடச் சொல்வது என்று தெளிவாகும். என் அனுபவத்தில் வரைபடத்தைவிட அவர்கள் ஞாபகம் பல முறை சரியாக இருந்திருக்கிறது.

காய்ச்சிக் குடித்தால் போதாதா என்பதற்குப் பதில்: போதாது. கிருமி சாகும், பிஃபாஸ் அப்படியே இருக்கும், ஆவியான தண்ணீர் அளவுக்குச் செறிவு கூடத்தான் செய்யும். ஊக்கப்படுத்திய கார்பன் பழைய பூச்சிமருந்துகளையும் கார்பன் சங்கிலி நீளமான பிஃபாஸ்களையும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் நேரத்துக்கு மாற்ற வேண்டும், குட்டையான பிஃபாஸ்கள் சீக்கிரமே அதைத் தாண்டி வந்துவிடும். ஆர்.ஓ. பெரும்பாலானவற்றை நிறுத்தும். நிறுத்தியது எங்கே போகிறது என்று கேட்டால் கழிவுக் குழாய் வழியாகச் சாக்கடைக்கு, அங்கிருந்து ஆற்றுக்கு. இதனால் ஆர்.ஓ. வேண்டாம் என்று சொல்லவில்லை, கெட்டுப்போன தண்ணீர் உள்ள இடத்தில் பிள்ளைகளுக்கு அது தேவை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் வடிகட்டி வைத்து இந்தப் பிரச்சினையைத் தீர்க்க முடியாது. தண்ணீருக்குள் போகாமல் பார்ப்பதற்கு ஆகிற செலவைப் போலப் பல மடங்கு, போனதை எடுப்பதற்கு ஆகிறது.

தடைகளைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒரு மூலக்கூறைத் தடை செய்தால் அதன் தம்பியைக் கொண்டுவருகிறார்கள். நீளமான பிஃபாஸ் போனது, அதன் இடத்தில் ஜென்எக்ஸ் என்ற இன்னொரு பிஃபாஸ் வந்தது, அது அமெரிக்காவின் கேப் ஃபியர் ஆற்றிலும் அதை நம்பியிருந்த ஊர்களின் குடிநீரிலும் இருக்கிறது என்று 2017-ல் மக்களுக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றாகப் பிடிப்பதற்குள் காலம் ஓடிவிடும், குடும்பமாகப் பார்த்துத்தான் கட்டுப்படுத்த வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் குடிநீரில் 20 பிஃபாஸ்களின் கூட்டுத்தொகைக்கு லிட்டருக்கு 100 நானோகிராம் என்று வரம்பு வைத்தது எனக்குச் சரியாகப் படுகிறது. மலேரியாவுக்கு எதிராக வீட்டுக்குள் டிடிடி அடிக்க உடன்படிக்கை விலக்கு கொடுத்திருப்பதையும் நான் குறை சொல்ல மாட்டேன். சாகிற பிள்ளையை விட்டுவிட்டு வண்டலைப் பற்றிப் பேச முடியாது, மாற்று வரும் வரை அது தேவைதான்.

அந்தப் பெரியவரிடம் மறுபடி போனேன். முடிவு வந்திருந்தது, வரம்புக்குக் கீழே, ஆனால் இருந்தது. மேலே மண்ணில் போட்டது மழையோடு இறங்க எவ்வளவு காலம், கீழே தண்ணீர் நகர எவ்வளவு காலம் என்று தரையில் குச்சியால் வரைந்து காட்டினேன். இப்போது நாம் இறைப்பது நீங்கள் வாலிபராக இருந்தபோது பெய்த மழையாகக்கூட இருக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ நான் அடிச்சதுதான் இது" என்றார். அன்றைக்கு அதை அடிக்கச் சொல்லித்தான் எல்லோரும் சொன்னார்கள், நீங்கள் தெரிந்து செய்யவில்லை என்று சொன்னேன், அது உண்மையும்கூட. பம்பின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றிருந்தவர், கிளம்பும்போது, அடுத்த தடவை வரும்போது போன தடவை வந்த எண்ணையும் எழுதிக் கொண்டு வரச் சொன்னார், குறைகிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

நாளைக்கு அங்கேதான் போகிறேன். பாட்டில்கள் சூளையிலிருந்து வந்து ஆறிவிட்டன, அந்தத் தாளும் பையில் இருக்கிறது.